வலிப்புக்கு வி.என்.எஸ். கருவி பொருத்தியவர்களின் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்று தம்பிக்கு வலிப்பு வந்தது வாசலில், செருப்பு விடும் இடத்தில். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை அவனைத் தாங்கிப் படுக்க வைத்திருந்தார். அவன் நெஞ்சில் பொருத்தியிருக்கும் வலிப்புக் கருவிக்கான காந்தம் ஆணியில் தொங்கும், அதையும் எடுத்திருந்தார். எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாவிக்கொத்தைத் திணித்தே பழகிய கை, காந்தத்தையும் அப்படித்தான் திணிக்கும். "ஃபிட்ஸ் வந்தா அந்தக் காந்தத்தை எடுங்க அத்தை" என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நெஞ்சில் கருவி இருக்கும் இடத்தின் மேல் ஒரு வீச்சாகக் காட்டி எடுக்க வேண்டிய காந்தம் அது. கையில் இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் தன் வேலையைச் சரியாக முடித்துக் கொடுத்திருந்தார். குறை வீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு இதே கருவி பொருத்திய பல குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். எல்லா வீட்டிலும் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கருவி என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வி.என்.எஸ். என்றால் வேகஸ் நரம்புத் தூண்டல். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஜெனரேட்டர். பேஸ்மேக்கர் மாதிரியே இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் தோலுக்கு அடியிலேயே கழுத்துக்கு ஏறி, இடது பக்க வேகஸ் நரம்பைச் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். மண்டை ஓட்டைத் திறப்பதில்லை. மூளைக்குள் எதையும் வைப்பதில்லை. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. அந்த வழியில் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பி வலிப்பைக் குறைப்பதுதான் இதன் வேலை. வலது வேகஸ் நரம்புக்கு இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்தோடு நெருக்கமான தொடர்பு உண்டு. அதனால் இடது பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேக்கப் ஜபாரா, 1980-களில் நாய்களிடம் இந்த நரம்பைத் தூண்டி வலிப்பு நிற்பதைக் காட்டினார். 1988-இல் வட கரோலினாவில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். ஐரோப்பாவில் 1994-இலும் அமெரிக்காவில் 1997-இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் முதலில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2017-இல் 4 வயது வரை இறக்கினார்கள். ஆக, இது நேற்று வந்த சோதனை முயற்சி இல்லை. அப்படிப் பயந்து தள்ளிப்போடுவதும் ஒரு தவறுதான். ஆனால் அதைவிட அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிரான தவறு.

பொருத்துவதற்கு முன்னால் நடக்கும் தவறு

"மாத்திரை கேட்கவில்லை, மெஷின் வைத்துவிடலாம்" என்று நேராக இங்கே வந்து நிற்பதைச் சொல்கிறேன். நடுவில் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி: மாத்திரை உண்மையிலேயே கேட்கவில்லையா? பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் முறையாக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால்தான் "மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு" என்று கணக்கு. வலிப்புக்கு எதிரான சர்வதேச அமைப்பு 2010-இல் வகுத்த வரையறை இது. "பொருத்தமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். பதின்ம வயதில், காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுத்து, கையிலிருக்கும் டம்ளர் எகிறி விழும் ஒரு வகை வலிப்பு உண்டு. அதற்குக் கார்பமாஸெபின் கொடுத்தால் இன்னும் மோசமாகலாம். மருந்தை மாற்றினாலே அடங்கக்கூடிய பிள்ளைக்கு எதற்குக் கருவி? மன அழுத்தத்தால் வரும், வலிப்பு போலவே தெரியும் நிகழ்வுகளும் உண்டு. அவற்றில் மூளையின் மின் அலைகள் மாறுவதில்லை. வீடியோவோடு சேர்த்து எடுக்கும் நீண்ட நேர இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) இல்லாமல் இதையெல்லாம் பிரித்துச் சொல்வது கடினம். ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் படுத்துக்கிடக்க வேண்டுமே என்று இந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி: வலிப்பு தொடங்கும் இடத்தையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட முடியுமா? இதைக் கேட்கவே பயப்படுகிறோம். 'மூளை ஆபரேஷன்' என்றதும் குடும்பமே உறைந்துபோகிறது. ஆனால் எண்களைப் பாருங்கள். 2001-இல் கனடாவிலிருந்து வெளியான ஆய்வில், பொட்டுமடலில் (நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதி) தொடங்கும் வலிப்புக்கு அறுவை செய்துகொண்டவர்களில் 58 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் சுயநினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மருந்தில் மட்டும் இருந்தவர்களில் அது 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் 2017-இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான ஆய்வில் வித்தியாசம் இன்னும் பெரியது: 77 சதவீதம், 7 சதவீதம். இவ்வளவு பலனை வி.என்.எஸ். தராது. அறுவைக்கு வாய்ப்புள்ள ஒருவருக்கு, அதை ஆராயாமலே கருவியைப் பொருத்தினால் வலிப்பே இல்லாத வாழ்க்கைக்கான வாய்ப்பை அவர் இழந்துவிடலாம்.

இதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் நரம்பியல் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மாண்ட்ரியலில் வலிப்பு அறுவையின் முன்னோடியான வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். 1950-களிலேயே வேலூரில் வலிப்புக்கு அறுவை செய்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள், பெங்களூரு நிம்ஹான்ஸ் என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே அனுபவம் உள்ள இடங்கள் இருக்கின்றன. அங்கே பார்த்துவிட்டு, "வலிப்பு பல இடங்களிலிருந்து வருகிறது" என்றோ "எடுத்தால் பேச்சு போய்விடும் இடம்" என்றோ சொன்னால், அப்போது வி.என்.எஸ். பற்றிப் பேசுங்கள். தம்பிக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு பக்க மூளையிலிருந்தும் தொடங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் கருவிக்கு ஒப்புக்கொண்டோம்.

'வைத்தாயிற்று, இனி வராது' என்ற நம்பிக்கை

பொருத்திக்கொண்டவர்களை மொத்தமாகப் பார்த்தால், காலப்போக்கில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைகிறது. முழுவதும் நின்றுபோவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. சிலருக்குப் பலனே தெரிவதில்லை. இதை யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களாகக் கேளுங்கள்.

கேட்காத வீட்டில் என்ன நடக்கும்? தையல் ஆறி, கருவியை முடுக்கி, மூன்றாவது வாரத்தில் ஒரு வலிப்பு வரும். "இத்தனை லட்சம் கொட்டினோமே" என்று அம்மா அழுவார். அந்தப் பிள்ளை தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போலச் சுருண்டு படுத்திருக்கும். அந்தக் காட்சியை நேரில் பார்த்திருக்கிறேன், மறக்க முடியவில்லை.

பலன் மெதுவாகத்தான் ஏறும். மூன்று மாதத்தில் தெரிவதைவிட ஓராண்டில் அதிகம் தெரியும். இரண்டாம் ஆண்டிலும் கூடிக்கொண்டே போகலாம். எண்ணிக்கை குறைவதற்கு முன்பே வேறு விதமாகவும் மாற்றம் வரும்: வலிப்பு சீக்கிரம் விட்டுவிடும், விழுவது குறையும், வந்து போன பிறகு பாதி நாள் அடித்துப்போட்டது போலக் கிடப்பது ஒரு மணி நேரமாகும். இதையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் நினைவில் நிற்காது. நாங்கள் தினசரிக் காலண்டர் தாளிலேயே குறித்தோம்: எத்தனை மணி, எவ்வளவு நேரம், விழுந்தானா, காந்தம் காட்டினோமா, எப்போது எழுந்து பேசினான். முதல் ஆறு மாதத்தில் ஒன்றுமே குறையவில்லை என்று வீட்டில் எல்லோரும் அடித்துச் சொன்னோம். தாள்களை அடுக்கி எண்ணிப் பார்த்தபோது, விழுகிற வலிப்பு மாதத்துக்கு ஒன்பதிலிருந்து ஐந்தாகியிருந்தது.

கரண்ட் ஏற்றும் நாட்களைத் தவறவிடுவது

என்னைக் கேட்டால் ஆகப் பெரிய நஷ்டம் இங்கேதான்.

கருவியைப் பொருத்திய சுமார் இரண்டு வாரம் கழித்து, மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பெரும்பாலும் 0.25 மில்லி ஆம்பியர். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் 0.25 கூட்டுவார்கள். பலருக்கு 1.5-ஐ ஒட்டியும் அதைத் தாண்டியும் போன பிறகுதான் உருப்படியான பலன் கிடைக்கும். வழக்கமான ஓட்டம் 30 விநாடி தூண்டல், 5 நிமிடம் ஓய்வு. இரவு பகல் என்று பாராமல் இப்படியே ஓடும். எந்த அளவு, எத்தனை விநாடி, எவ்வளவு ஓய்வு என்பதை டாக்டர் 'வாண்ட்' என்ற கையடக்கக் கருவியை நெஞ்சின் மேல் வைத்து, தோலைத் தொடாமலே மாற்றுவார். வலி இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.25-இலிருந்து 1.5-க்குப் போக எத்தனை நடை? ஊர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி. அப்பாவுக்கு லீவு கிடைக்காது. பள்ளியில் பரீட்சை. "இந்த மாதம் பரவாயில்லை, அடுத்த மாதம் போகலாம்." ஓ.பி. வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மகனுக்குக் கருவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எடுத்துவிடச் சொல்லத்தான் வந்தோம் என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் அவனுடைய கருவி எட்டு மாதமாக 0.5-லேயே நின்றிருக்கிறது. அந்தக் கருவி இன்னும் வேலை செய்யவே ஆரம்பிக்கவில்லை என்று டாக்டர் எடுத்துச் சொல்லி, அன்றே கூட்டி அனுப்பினார்.

வழி இருக்கிறது. அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே அடுத்த ஆறு மாத வருகைகளுக்கும் தேதி வாங்கிவிடுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் இந்தக் கருவியை புரோகிராம் செய்யக்கூடிய நியூராலஜிஸ்ட் யாராவது உண்டா என்று கேளுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில், டாக்டர் முன்கூட்டியே பதிந்துவிட்டால் குறித்த நாளில் கரண்ட் தானாகவே ஒரு படி ஏறும் வசதி இருக்கிறது. தூரத்தில் இருக்கிறவர்கள் மாடலைத் தேர்வு செய்யும்போதே இதைக் கேட்டுவிடலாம்.

மாத்திரையை நிறுத்துவது

சுருக்கமாகச் சொல்கிறேன். கருவி மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்வதற்காக வைத்தது. நன்றாக இருக்கிறானே என்று நீங்களாக நிறுத்தினால், விடாமல் அடுத்தடுத்து வரும் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். உயிருக்கே ஆபத்து அது. காலப்போக்கில் சிலருக்கு டாக்டரே ஒரு மருந்தைக் குறைப்பார். அதுவும் மெதுவாக, வாரக் கணக்கில்.

காந்தம்

கருவியோடு காந்தம் கொடுப்பார்கள். கையில் வாட்ச் போலக் கட்டிக்கொள்ளவும் இடுப்பு பெல்ட்டில் மாட்டவும் வசதி இருக்கும். அது செய்யும் வேலை இரண்டு.

வலிப்பு தொடங்கும்போது ஜெனரேட்டர் இருக்கும் இடத்தின் மேல் ஒரு விநாடி காட்டி நகர்த்தி எடுத்தால், வழக்கமான சுற்றுக்குக் காத்திராமல் உடனே ஒரு கூடுதல் தூண்டல் போகும். சிலருக்கு வலிப்பு அங்கேயே நிற்கும், சிலருக்குச் சீக்கிரம் விடும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது, ஒரு வாடை அடிக்கிறது என்று முன்னறிகுறி தெரிகிறவர்கள் தாங்களே காட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை இதற்கு நேர்மாறு. காந்தத்தை ஜெனரேட்டர் மேல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் தூண்டல் நிற்கும். எடுத்தால் மறுபடி ஓடத் தொடங்கும்.

தவறு எங்கே நடக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். பதறிப்போய்க் காந்தத்தை நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடிக்கிறவர்கள், உதவ வேண்டிய நேரத்தில் கருவியை நிறுத்திவிடுகிறார்கள். ஒயர் கழுத்தில் இருக்கிறது என்று கழுத்தில் தேய்க்கிறவர்களும் உண்டு. அங்கே காட்டிப் பயனில்லை. நெஞ்சில், தோலுக்கு அடியில் வட்டமாகத் தட்டுப்படும் அந்த இடத்தின் மேல்தான் காட்ட வேண்டும். சட்டைக்கு மேலேயே காட்டலாம்.

வீட்டில் எல்லோரும் ஒத்திகை பாருங்கள். நாங்கள் அத்தையை உட்கார வைத்து, தம்பி முழு நினைவோடு இருக்கும்போதே அவர் கையால் காட்டச் சொன்னோம். ஒரு நொடியில் தம்பியின் குரல் கரகரவென்று மாறியது. "ஐயோ, என்னப்பா ஆச்சு?" என்று அவர் பயந்தே போனார். அந்தக் கரகரப்புதான் கருவி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று சொன்னதும், இன்னொரு தரம் செய்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தடுமாறியதே இல்லை. பள்ளி ஆசிரியர், ஆபீஸ் நண்பர், ஹாஸ்டல் வார்டன் யாராக இருந்தாலும் இப்படி ஒருமுறை அவர்கள் கையால் செய்ய வைத்துவிடுங்கள்.

காந்தத்துக்கான கரண்ட் அளவை டாக்டர் தனியாகப் பதிய வேண்டும். தொடக்க வாரங்களில் அது பதியப்படாமல் இருக்கலாம். அப்போது எவ்வளவு வீசினாலும் ஒன்றும் நடக்காது. "காந்தம் ஆன் ஆகியிருக்கிறதா?" என்று ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள்.

காந்தத்தை பீரோவில் நகையோடு பூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த பொருள் என்று நினைத்துச் செய்வது. வலிப்பு வரும்போது சாவியைத் தேட நேரம் இருக்காது. ஒன்று உடம்பிலும் ஒன்று எல்லோர் கைக்கும் எட்டும் இடத்திலும் இருக்கட்டும். செல்போன், ஏ.டி.எம். கார்டு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

அப்புறம், காந்தம் கையில் இருக்கிறது என்பதற்காக முதலுதவியை மறக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கை காலை அழுத்திப் பிடிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது எல்லாம் அப்படியே. ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்த டாக்டர் எழுதிக்கொடுத்த மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே, 108.

குரல், இருமல், குறட்டை

வேகஸிலிருந்து பிரியும் கிளைதான் குரல் நாண்களுக்குப் போகிறது. அதனால் தூண்டல் ஓடும் அந்த அரை நிமிடம் குரல் கம்மும், தொண்டை குறுகுறுக்கும், சிலருக்கு இருமல் வரும், மூச்சு வாங்கும். பெரும்பாலும் நாளாக நாளாகக் குறையும். சகிக்க முடியவில்லை என்றால் செட்டிங்கை மாற்றிச் சரிசெய்யலாம். சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் "எடுத்துவிடுங்கள்" என்று நிற்பதுதான் தவறு. பாடுகிறவர், வகுப்பெடுக்கிற ஆசிரியை, மேடையில் பேச வேண்டியவர் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் காந்தத்தை மேலே வைத்து நிறுத்திக்கொள்ளலாம். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்யலாம். முடிந்ததும் எடுக்க மறக்கக் கூடாது.

யாரும் சொல்லாத ஒன்று தூக்கம். தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிரச்சினை ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இந்தக் கருவி அதைக் கூட்டலாம். குறட்டை புதிதாக வந்தாலும், பகலெல்லாம் தூங்கி வழிந்தாலும் மாத்திரை மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும். கரண்டைக் கூட்டியும் வலிப்பு ஏன் குறையவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு விடை சில சமயம் இங்கே இருக்கும்.

பிசியோதெரபி அறையில்

தம்பிக்கு ஒருமுறை வலிப்பில் விழுந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தெருமுனை பிசியோதெரபி கிளினிக்கில் அவனைப் படுக்க வைத்து, இரண்டு பெரிய தட்டுகள் போன்றவற்றைத் தோளுக்கு இரு பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சூடு கொடுக்கும் ஷார்ட் வேவ் டையதெர்மி. "பேஸ்மேக்கர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறான். உண்மைதானே! அவனிடம் இருப்பது பேஸ்மேக்கர் இல்லையே. நல்லவேளை, சுவிட்ச் போடுவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

டையதெர்மி இந்தக் கருவி உள்ளவர்களுக்கு அறவே கூடாது. ஷார்ட் வேவ், மைக்ரோவேவ், ஜெல் தடவித் தேய்க்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை மூன்றும்தான். அந்தச் சூடு ஒயர் வழியாகக் குவிந்து நரம்பையும் சுற்றியுள்ள சதையையும் கருக்கிவிடக்கூடும். முழங்காலில்தானே வைக்கிறோம், கருவியை ஆஃப் செய்துவிட்டோமே என்பதெல்லாம் செல்லாது. கருவியை எடுத்த பிறகும் கழுத்தில் ஒயரின் துண்டு மிச்சமிருந்தால் தடை தொடரும். வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேறு, அதனால் கெடுதல் இல்லை. ஜெல் இரண்டிலும் உண்டு என்பதால் பலரும் குழம்புகிறார்கள். ஸ்கேன் எடுக்கலாம், சிகிச்சை கூடாது.

"பேஸ்மேக்கர் இருக்கா?" என்று யார் கேட்டாலும் "அதே மாதிரி நரம்புக்கான கருவி இருக்கு" என்று பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். தம்பிக்கு இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது என்பதும் தவறு, எங்கேயும் எடுக்கலாம் என்பதும் தவறு. மாடலைப் பொறுத்தும் உடம்பின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தும் நிபந்தனைகள் உண்டு. ஸ்கேனுக்கு முன்னால் கரண்டை பூஜ்யமாக்க வேண்டும், முடிந்ததும் பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும், கைக்காந்தத்தை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. திருப்பி ஆன் செய்யாமலே வீட்டுக்குப் போய், ஒரு மாதம் கழித்து வலிப்பு கூடிவிட்டது என்று ஓடி வந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கும் நாளில் புரோகிராம் செய்பவரும் இருக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வேறு ஏதாவது அறுவை சிகிச்சை என்றால் சர்ஜனுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் காந்தங்களுக்கு ஒரு சுலபமான கணக்கு: ஒரு சாண். ஸ்பீக்கர், காந்த மூடி உள்ள டேப்லெட் உறை, முடி வெட்டும் மெஷின் இவற்றை நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தால் போதும்.

கருவியை நோண்டுவது

சின்னப் பிள்ளைகளும், மனவளர்ச்சி குன்றியவர்களும், சில பெரியவர்களும்கூட, தோலுக்கு அடியில் தட்டுப்படும் அந்த வட்டத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். அது உள்ளே திரும்பத் திரும்ப ஒயர் முறுக்கிக்கொள்ளும், கடைசியில் அறுந்துகூடப் போகும். தையல் ஆறும்போது அரிப்பு எடுப்பதில் தொடங்கும் பழக்கம் இது, அப்போதே நிறுத்த வேண்டும். கழுத்தில் சுரீர் என்று வலி, இதுவரை இல்லாத இழுப்பு, காரணமில்லாமல் வலிப்பு கூடுவது, குரல் மாறுவது திடீரென்று நின்றுபோவது இவையெல்லாம் ஒயரில் கோளாறு என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். வலி தாங்க முடியாவிட்டால் காந்தத்தைப் பிளாஸ்திரி போட்டுக் கருவி மேல் ஒட்டி நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தையல் இடம் சிவந்தோ வீங்கியோ சீழ் வைத்தோ இருந்தால் மஞ்சள் பூசிப் பார்க்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

பக்கத்து நோயாளியின் கருவி வேறாக இருக்கலாம்

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே பின்பற்றுகிறார்கள். வலிப்புக்குப் பொருத்தும் கருவிகள் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்ற ஆர்.என்.எஸ். மண்டை ஓட்டிலேயே பதிக்கப்படுவது. வலிப்பு தொடங்கும் இடத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, அறிகுறி தெரிந்தால் அங்கேயே தூண்டும். அதிலும் ஒரு காந்தம் உண்டு, ஆனால் வீசினால் கூடுதல் தூண்டல் போகாது, அந்த நேரத்து மூளை அலை பதிவாகும், அவ்வளவுதான். டி.பி.எஸ்.-இல் மூளையின் ஆழத்தில், தலாமஸ் என்ற பகுதியில் மின்முனை வைக்கிறார்கள். அமெரிக்காவில் வலிப்புக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது. வி.என்.எஸ்.-க்குள்ளேயே மாடல்கள் பல. சிலவற்றில், வலிப்பின்போது இதயத் துடிப்பு சட்டென்று ஏறுவதைக் கண்டறிந்து தானாகவே தூண்டும் வசதி இருக்கிறது. அந்த மாடல் உள்ளவர் வேகமாக மாடி ஏறினாலும் அது முடுக்கிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். பழைய மாடல் வைத்திருப்பவர் "எனக்கு ஏன் அப்படி ஆகவில்லை?" என்று கவலைப்படவும் வேண்டாம்.

பேட்டரி

மாடலையும் கரண்ட் அளவையும் பொறுத்து, பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை வரும். தீர்ந்தால் நெஞ்சில் அந்த இடத்துத் தோலைத் திறந்து ஜெனரேட்டரை மட்டும் மாற்றுவார்கள். ஒயர் நன்றாக இருந்தால் அதைத் தொட மாட்டார்கள், முதல் அறுவையைவிடச் சின்ன வேலை. ஆனால் செலவு மறுபடியும் பெரியது. முதல் கருவிக்குக் கடன் வாங்கியவர்கள் இரண்டாவதை நினைத்துப் பார்த்திருப்பதில்லை. இன்ஷூரன்ஸில் மாற்றுக் கருவிக்கு இடம் உண்டா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நன்றாக இருக்கிறான் என்று இரண்டு வருடம் செக்கப்புக்குப் போகாமல் இருந்து, பேட்டரி ஓய்ந்தது தெரியாமல், திரும்பி வந்த வலிப்புக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது வேதனையான தவறு. ஒவ்வொரு செக்கப்பிலும் அந்த 'வாண்ட்' கருவியை வைத்தால் பேட்டரியின் நிலை திரையில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஜிப் பை இருக்கிறது. கருவியின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள அடையாள அட்டை, கடைசியாக ஓடிய செட்டிங்கின் நகல், இப்போதைய மாத்திரைச் சீட்டு, மூக்கு ஸ்ப்ரே, இன்னொரு காந்தம். தம்பி எங்கே போனாலும் அது கூடப் போகும். அதன் மேல் அத்தை தன் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருக்கிறார்: "கையில் கொடுக்காதே. இடது நெஞ்சில் காட்டி எடு."